அட்டைக்கு உப்பு

மேகமலைச் சரிவில் சைக்கிளோடு விழுந்து சமீனாவின் முழங்கால் உடைந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அன்று கூட வந்த பாண்டீஸ்வரி இப்போது ஜெய்சல்மேர் பாலைவனத்தில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறாள். உத்தமபாளையத்தில் சமீனாவின் வீட்டுக்கு வந்து, எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியலை நீட்டினாள். நீயும் வருகிறாயா என்று கேட்கவில்லை.

சமீனா படித்தாள். பஞ்சர் பசை, பம்பு, தண்ணீர் ஐந்து லிட்டர், அட்டைக்கு உப்பு அரைக் கிலோ.

“ஏண்டி, பாலைவனத்துல அட்டைப்பூச்சி எங்கன இருக்கு?”

பாண்டீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மலைக்குப் போற பழக்கத்துல எழுதிப்புட்டேன். அடிச்சிரு.”

“உப்பு இருக்கட்டும். வேர்த்து ஊத்துறப்ப தண்ணியில போட்டுக் குடிக்கலாம். டயர்ல காத்தைக் குறைச்சுக்க, இல்லாட்டி மணல்ல புதைஞ்சிரும்.”

“ஒக்காந்த எடத்துலயே எல்லாம் சொல்லு நீ.”

சமீனா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஓட்டலாம் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். பயம்தான் இன்னும் போகவில்லை. பேனாவை எடுத்து, தண்ணீருக்கு நேரே ஐந்தை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள்.

“அம்புட்டுத் தண்ணியை நான் எப்படிடி தூக்குவேன்?”

“பாதி என் சைக்கிள்ல வரும்,” என்றாள் சமீனா.