சாட்சியில்லா ஒட்டகம்

ஒட்டகத்தின் கீழுதட்டை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் அதன் பல்வரிசையைத் தடவிப் பார்த்தான் ரிஸ்ஸா. பல் நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் உதட்டைப் பிதுக்கினான்.

"கெழடு தட்டிப்போச்சுங்க பெரியவரே. இந்தப் பல்லுக்கு முள்ளு ஒடியாது. கூழுதான் கரைச்சு ஊத்தணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒட்டகத்துக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைவிலிருந்து தண்ணீர் காட்டாமல் ஓட்டி வந்த மிருகம், வெயில் ஏற ஏற இன்னும் வாடும், விலையும் அதோடு சேர்ந்து வாடும் என்பது அவருக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டியோ ஹாஜி பகுதுவின் லாரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஹாஜிக்கு விற்கிற ஒட்டகத்துக்குத்தான் அங்கே முதலில் தண்ணீர்.

ரிஸ்ஸா ஹாஜியின் தரகன். பாலைவன நகரமான அகதேஸுக்கு வெளியே கூடும் அந்தச் சந்தையில் நல்ல ஒட்டகத்துக்கு நொள்ளை சொல்வது அவன் வேலை, அதற்குத்தான் கூலி. அவனுக்கும் ஒரு காலத்தில் மந்தை இருந்தது. போன பஞ்சத்தில் வற்றிய கிணற்றைச் சுற்றியே அது விழுந்து செத்தது. மிஞ்சிய இரண்டையும் ஹாஜியிடமே விற்றான். கையில் மிச்சமிருந்தது ஒட்டகத்தைப் பற்றிய அறிவு ஒன்றுதான். அதைத்தான் இப்போது விற்றுத் தின்கிறான்.

"டேய் மணல்தின்னி! சாயங்காலம் வரைக்கும் பல்லையே பாத்துக்கிட்டு இருப்பியா? அதுக்கே கூச்சம் வந்துடுச்சு" என்று கத்தினான் ஜிப்போ. அவனும் ஹாஜியின் ஆள்தான். ஆற்றங்கரை ஜெர்மா இனத்தான். அவன் இனத்தாருக்கும் ரிஸ்ஸாவின் பாலைவனத் துவாரெக் இனத்தாருக்கும் வழிவழியாகக் கேலி உறவு. என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது.

"வாய மூடுடா மீன்தின்னி. நீ பேசினா செவுள் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது" என்றபடி நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் பெண் ஒட்டகம் வந்துகொண்டிருந்தது. ஆளைப் பார்க்குமுன் ஒட்டகத்தைத்தான் பார்த்தான். கழுத்தில் ஒரு சூட்டுக்குறி, வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும். அது அவன் அப்பா காலத்துக் குறி. ரிஸ்ஸா தன் கையாலேயே போட்டது. தொடையில் இன்னொன்று, மூன்று கோடுகள். அது அவன் மனைவி கல்தூமாவின் அப்பா வீட்டுக் குறி. கல்தூமாவுக்குப் பரிசமாக அவன் கொடுத்த ஒட்டகம் அது. மூக்குக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தவர் அவன் மாமனார்.

அவர் பெயர் அக்முது. ரிஸ்ஸா அந்தப் பெயரைத் தனியாக இருக்கும்போதுகூடச் சொன்னதில்லை. மாமனார் முன்னால் மருமகன் வாய் திறக்க மாட்டான், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அவரும் இவன் இருக்கும் திசைக்குக் கண்ணைத் திருப்ப மாட்டார். எதிரே வந்தால் இருவரில் ஒருவர் வழியை மாற்றிக்கொள்வார். மரியாதை என்றால் அங்கே அதுதான்.

ரிஸ்ஸா சட்டென்று ஹாஜியின் செவலை ஒட்டகத்துக்குப் பின்னால் போய் நின்று, முகத்துணியைக் கண்ணுக்குக் கீழே வரை மேலே ஏற்றிக்கொண்டான். முறைக்காகத்தான் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. ஹாஜியோடு கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்கிறேன் என்றுதான் மாமனார் வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன கல்தூமா அங்கேதான் இருக்கிறாள். பெண் குழந்தை. கம்பு மூட்டைகளோடு போய் இருவரையும் அழைத்துவர வேண்டியவன் அவன். கூலி இழுபறியில் கிடந்ததால், இதோ அனுப்புகிறேன், அதோ அனுப்புகிறேன் என்று ஆள்விட்டதோடு சரி. ஒரு பிடி கம்பு போகவில்லை. இப்போது அந்த வீட்டில் என்ன நிலைமை என்பதை அந்த ஒட்டகம் வாய் திறக்காமலே சொல்லிவிட்டது. பால் தருகிற ஒட்டகத்தை யாராவது சந்தைக்கு ஓட்டி வருவார்களா?

தெற்கிலிருந்து வந்த மேய்ச்சல்காரர் ஒருவர் வெள்ளை ஒட்டகத்தைச் சுற்றி வந்தார். மடியைத் தொட்டுப் பார்த்தார். வளர்க்க வாங்குகிறவர் என்பது அவர் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. மழை வரும்வரை ஒரு குடும்பம் வயிறாறக் கம்பு வாங்கக்கூடிய விலையைச் சொன்னார். அக்முது தலையசைத்தார்.

"சாட்சி யாரு?" என்று கேட்டார் மேய்ச்சல்காரர்.

சந்தைக்குத் தெரிந்த ஆள் ஒருவர் ஒட்டகத்தின் கழுத்தில் கை வைத்து, 'இது இவருடையதுதான், பின்னால் யாராவது கேட்டு வந்தால் நான் பதில் சொல்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அக்முதுவுக்கு எப்போதும் கை வைக்கிற உப்பு வியாபாரி போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அது அவருக்குச் சந்தைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

சந்தைத் தலைவர் வந்தார். குறிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ரெண்டு குறி இருக்கே பெரியவரே. தொடையில இருக்கிறது உம்ம குறி. சரி. கழுத்துல இருக்கிறது யாருது?"

"என் வீட்டு ஒட்டகம்" என்றார் அக்முது.

"அது இருக்கட்டும். கழுத்துக் குறி யாருது?"

என் மருமகனுடையது, என் மகளுக்காகக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மருமகன் பேச்சைச் சந்தையில் எடுப்பதா? மகளின் பரிச ஒட்டகத்தை விற்க வந்தேன் என்று நாலு பேர் நடுவில் சொல்வதா? சொன்னால், கம்பு அனுப்பாத மருமகன் யார் என்று அடுத்த கேள்வி வரும். அக்முது முகத்துணியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

"பேச்சக் காணோமே" என்றது ஒரு குரல். "பாத்தா நல்ல மனுசனாட்டம்தான் இருக்கு" என்றது இன்னொன்று.

மேய்ச்சல்காரர் ஒட்டகத்தின் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

ரிஸ்ஸா ஜிப்போவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நீ போய்க் கை வைடா."

"யாரு ஒட்டகம்டா அது? எவன் ஒட்டகத்துக்கோ நான் எதுக்குக் கை வைக்கணும்? கம்பி எண்ணவா?"

"திருட்டு இல்லடா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நீ போய் வை."

ரிஸ்ஸா செவலையின் முதுகுக்கு இன்னும் கீழே குனிந்தான். ஜிப்போ அவன் கண்களைப் பார்த்தான். மூக்குக்கு மேல் ஏறியிருந்த துணியைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்தான். கேலி அவன் முகத்திலிருந்து வடிந்துபோனது. "அட பாவி..." என்றான் மெதுவாக.

அதற்குள் ஹாஜி வந்துவிட்டார். சாட்சியில்லாத ஒட்டகம் எங்கே நின்றாலும் அவர் மூக்கில் வியர்த்துவிடும். அந்த மாதிரி ஒட்டகங்களைத் திருட்டு விலைக்கு வாங்கி, குறி தெரியாமல் சாயம் பூசி, அன்றைக்கே லாரியில் ஏற்றி வடக்கு எல்லைக்கு அனுப்பிவிடுவார். கேட்டு வருகிறவனுக்கு எலும்புகூடக் கிடைக்காது. செவலை ஒட்டகத்தின் மேல் கை ஊன்றி, எட்டிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஏன்டா ரிஸ்ஸா, கழுத்துல இருக்கிறது உன் குறிதானே? நீ வித்த ரெண்டுலயும் இதே இருந்துச்சே."

"ஆமா மொதலாளி. நான் பரிசமாக் குடுத்த ஒட்டகம்தான். திருட்டு இல்ல. நான் போய்க் கை வைக்கிறேன்."

"வையேன், யாரு தடுத்தா? போய் மாமனார் முன்னால வாயத் தொற. நான் இங்க தரகன், பொழுதன்னைக்கும் பொய் சொல்லித்தான் பொழைக்கிறேன்னு சொல்லு. எம் பொண்டாட்டியோட பரிசத்த விக்க வந்திருக்காருன்னும் சேத்துச் சொல்லு, ஊரு கேக்கட்டும்." குரலை ஏற்றாமலே பேசினார். "அப்புறம் அந்தக் கைய என் ஒட்டகம் எது மேலயும் வைக்காத. வேற எடம் பாத்துக்க."

ரிஸ்ஸாவுக்கு எதிரே வெள்ளை ஒட்டகத்தின் கழுத்து தெரிந்தது. ஓடிப்போய்த் தொட்டுவிடக்கூடிய தூரம்தான். கால் எழவில்லை. தடுத்தது முறையா, பிழைப்பா என்று அவனையே கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. முகத்தை மூட அவ்வளவு துணி இருந்தும் அம்மணமாக நிற்பதுபோல இருந்தது.

"ஜிப்போ, நீ போ" என்றார் ஹாஜி. "விலை உனக்குத் தெரியும்."

ஜிப்போ போனான். எப்போதும் வாய்ச்சவடால் அடிக்கிறவன் அன்றைக்கு இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்தான். அக்முது பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் மறுபடியும் சாட்சிப் பேச்சு வரும். கொடுத்த நோட்டுகளை எண்ணாமல் வாங்கி அங்கியின் மார்புப் பைக்குள் வைத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒட்டிக்கொள்ளும் நோய் வந்தவனுக்கு விடுகிற மாதிரி. கம்புக் கடையில் அந்தப் பணத்துக்கு அரை மூட்டையும் ஒரு சின்னப் பொட்டலம் தேயிலையும் வந்தன.

வெள்ளை ஒட்டகத்தை லாரிக்குப் பக்கத்தில் மண்டிபோட வைத்தார்கள். ரிஸ்ஸாவின் கையில் சிவப்புச் சாய டப்பாவைக் கொடுத்தார்கள். குறி அழிக்கிற வேலையும் அவனுடையதுதான். ஒட்டகம் அவன் தோளை முகர்ந்தது. வட்டத்தின் மேல் பிரஷ்ஷை வைத்து இழுத்தான். சாயம் மயிரில் இறங்கிக் கழுத்தில் வழிந்தது.

ஜிப்போ பக்கத்தில் வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்தப் பெரியவரு ஒண்ணு சொல்லச் சொன்னாருடா. செவல ஒட்டகத்துக்குப் பின்னால யாராச்சும் நின்னா சொல்லணுமாம். நான் இன்னிக்குச் சந்தைக்கே வரல, யாரையும் பாக்கவும் இல்லன்னு."

ரிஸ்ஸாவின் கை நின்றது.

"அப்புறம்... வீட்டுல எல்லாரும் சுகமாம். கொழந்த நல்லா பால் குடிக்குதாம். கம்புக்குக் கொறச்சல் இல்லையாம். ஒண்ணும் அனுப்ப வேண்டாமாம்."

அக்முதுவின் ஊருக்குப் போகிற பாதை லாரி நின்ற சந்தை வாசல் வழியாகத்தான் போகிறது. அவர் வாசல் பக்கமே வரவில்லை. அரை மூட்டைக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகன் இருந்த திசைக்கு முதுகைக் காட்டியபடி, எதிர்ப்பக்கம் ஒட்டகம் அறுக்கிற களத்தை நோக்கி நடந்தார். அங்கே வழி கிடையாது. எலும்புக் குவியலும், அதைத் தாண்டி இடிந்த மண்சுவரும்தான். நாய்கள் எழுந்து குரைத்தன. எலும்புகள் மேல் கால் வைத்து ஏறினார். சுவரைக் கடக்கும்போது மூட்டை சரிந்து அந்தப் பக்கம் விழுந்தது.

"தொடையில இருக்கிறத விட்டுட்டியேடா!" என்று லாரியிலிருந்து ஹாஜி கத்தினார்.

ரிஸ்ஸா மூன்று கோடுகளின் மேல் பிரஷ்ஷை வைத்தான். சுவருக்கு அப்பால் மாமனார் குந்தி உட்கார்ந்து, மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் உட்கார்ந்து தோளைக் கொடுத்தார். மூட்டையைத் தூக்கிவிட அங்கே ஒரு ஆள்கூட இல்லை.