எதிர்க்கட்சி ஏஜெண்டின் தாள்

வாசுகியும் ஷர்மினியும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனைக்கும் காஹாங் ஊரில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கோயில் மாதர் பிரிவுத் தலைவி தேர்தலில் வாசுகி நான்கு ஓட்டில் தோற்றாள். சீட்டுகளை எண்ணியவள் ஷர்மினி. அவள் தில்லுமுல்லு பண்ணிவிட்டாள் என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போன வாசுகி, அதற்கப்புறம் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

இந்த லட்சணத்தில், பொதுத் தேர்தலில் இருவரும் எதிரெதிர்க் கட்சிகளின் ஏஜெண்டுகளாக, ஓட்டுச்சாவடியாக்கிய ஒரே பள்ளி வகுப்பறையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஓட்டு எண்ணும்போது வாசுகி கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொரு சீட்டையும் பார்த்தாள். தன் கட்சி ஆறு ஓட்டில் தோற்றதும் மறுபடி எண்ணச் சொன்னாள். எண்ணினார்கள். அதே ஆறுதான். போராங் 14 என்ற முடிவுத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்த வாசுகி, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த போனை எடுத்து, தாளைப் படம் பிடித்து ஸ்கூடாய் நகரத்துக்கு அனுப்பினாள். அங்கே மாணவர்கள் சிலர் உட்கார்ந்து, இப்படி வரும் தாள்களைக் கூட்டி, தேர்தல் ஆணையம் அறிவிக்கும் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். லோஷினி என்ற பெண்ணிடமிருந்து உடனே பதில் வந்தது. ஒரு கட்சியின் படம் போதாதாம். எதிர்க்கட்சி ஏஜெண்டின் தாளும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேர்ப்பார்களாம்.

வாசுகிக்கு எரிச்சலாக வந்தது. போயும் போயும் அவளிடமா? ஆனால் ஷர்மினி பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டிவிட்டால் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண்.

"ஷர்மினி, உன் போராங்க கொஞ்சம் காட்டு."

ஷர்மினி திரும்பி வந்தாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து மோட்டார் சீட்டின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசுகி படம் பிடித்து அனுப்பினாள். அனுப்பி முடிப்பதற்குள் அவள் கட்சியின் கிளைத் தலைவர் செல்வா போனில் கூப்பிட்டார். ஆறு ஓட்டென்றால் அந்தப் பொம்பளை ஏதாவது கோல்மால் பண்ணியிருப்பாள், விடாதே என்று கத்தினார். போன் சத்தம் ஷர்மினிக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்து தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

வாசுகிக்குச் சுருக்கென்றது.

"இல்லண்ணே, ஒரு கோல்மாலும் இல்ல. நானே பக்கத்துல இருந்து பார்த்தேன். தோத்துட்டோம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

லோஷினியிடமிருந்து இரண்டும் ஒத்துப்போகிறது என்று செய்தி வந்தது. வாசுகி அதை ஷர்மினியிடம் காட்டினாள். காட்டியதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"கோயில்லயும் நான் நிஜமாவே தோத்துதான் போனேனா?"

"ஆமாக்கா. அந்தச் சீட்டெல்லாம் இன்னும் என் வீட்லதான் இருக்கு," என்றாள் ஷர்மினி. "என்னைக்காவது நீங்க எண்ணிப் பார்க்க வருவீங்கன்னு வச்சிருக்கேன்."

வாசுகிக்குக் கூசிப்போயிற்று. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மோட்டாரைக் கிளப்பினாள்.

"தூக்கிப் போடு லா அதையெல்லாம்," என்றாள். "ஏறு, வீட்டுக்குப் போலாம்."