எண்ணாமல் விட்ட மூச்சுகள்

அவளுக்குக் கறார் என்று பெயர் வைத்தவன், ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ எடுக்கும் பையன். வைத்ததற்காக அவனைத் திட்டினாளே தவிர, அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தூக்கத்தில் ஒருவருக்கு மூச்சு குறைந்ததாகத் திரையில் கோடு காட்டினால், கூடவே ரத்தத்தில் பிராணவாயு மூன்று சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா, கணக்கில் இல்லை. இரண்டரை இறங்கியதைப் போனால் போகிறது என்று சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அவளிடம் கிடையாது. அவளுக்கு எந்தப் பரீட்சையிலும் யாரும் போனால் போகிறதென்று அரை மார்க் போட்டதில்லை. அவள் மட்டும் எதற்குப் போட வேண்டும்?

ஆராய்ச்சி இதுதான். ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர்களுக்குத் தூக்கத்திலும் மூச்சு நின்று நின்று வந்தால், நிற்கும்போதெல்லாம் நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ராத்திரிக்கு ராத்திரி இப்படிச் சுருங்கினால் அங்கே அழுத்தம் ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போகும். தூங்கும்போது காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் முகமூடியைப் போட்டால் அந்த அழுத்தம் இறங்குமா, இறங்கினால் எவ்வளவு என்பது கேள்வி. மணிக்குப் பதினைந்து முறைக்கு மேல் மூச்சு தடைப்படுகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு முகமூடி உடனே, மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து.

அந்தப் பதினைந்தை எண்ணுகிறவள் கறார். மாடியில், ஜன்னலை ஒட்டிய அறையில், பகலெல்லாம் உட்கார்ந்து மற்றவர்களின் இரவுகளைப் பார்ப்பாள். மூக்கின் காற்று ஒரு கோடு, நெஞ்சுப் பட்டை ஒரு கோடு, வயிற்றுப் பட்டை ஒரு கோடு. மூளைக்கும் கண்ணுக்கும் காலுக்கும் தனித்தனிக் கோடுகள். பெயர் இருக்காது, ஒரு எண்தான். யாருடைய மூச்சு என்று தெரிந்தால் எண்ணுகிற கை சாயும் என்பதால் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே பேச்சுவார்த்தையே கூடாது. தப்பித்தவறி யாருடையது என்று தெரிந்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தப் பதிவு வெளியூரில் இருக்கும் இன்னொருவருக்குப் போகும்.

கீழ்த்தளம் சக்கரையின் ராஜ்ஜியம். நோயாளிகளைச் சேர்ப்பது, பட்டைகளைக் கட்டுவது, முகமூடி பொருத்துவது, வாரா வாரம் அழைத்துப் பேசுவது எல்லாம் அவள் வேலை. அவள் அப்பா டாக்டர், தாத்தாவும் டாக்டர். கறாரின் குடும்பத்திலும் டாக்டர்களைத் தெரிந்தவர்கள் உண்டு, வெளி பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவர்கள். சக்கரை என்று பேர் வைத்தவர்கள் நோயாளிகள். அவள் தொட்டால் ஊசிகூட வலிக்காதாம். ஆராய்ச்சியின் முதல் முடிவுகளை மேடையேறிச் சொல்லப்போகிறவளும் அவள்தான். நோயாளிகளை நேரில் பார்த்தவள் பேசினால்தான் எடுபடும் என்று பெரிய டாக்டர் கறாரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். பார்க்கக் கூடாதென்று மாடியில் பூட்டி வைத்ததும் அவர்தான். எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்ற அவரைப்போல ஆள் கிடையாது.

இதையெல்லாம் கறார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாத ஒன்றை ஒரு திங்கட்கிழமை ஜன்னல் வழியே பார்த்தாள்.

கீழே வாசல் படியில் அவள் அம்மா நின்றிருந்தாள். சக்கரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அம்மாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். விழாமல் இருக்க அம்மா அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்திருந்தாள், ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் போனதிலிருந்து வீட்டில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பவள், இங்கே மூடவில்லை.

பஞ்சாலையில் சிக்கெடுக்கும் பிரிவில் பஞ்சுத் தூசியைத் தின்று மகளைப் படிக்க வைத்தவள் அவள். அந்தத் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சித்தி வீட்டுக்குப் போய் ராத்தங்கிவிட்டு வருகிறேன் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாளே, எந்தச் சித்தி வீட்டுக் கட்டிலில் படுத்தாள் என்பது கறாருக்கு இப்போது புரிந்தது. மூச்சைப் பற்றிப் படித்த மகள் வீட்டிலேயே இருக்கிறாள். மாடியிலேயே இருக்கிறாள். அவளைத் தாண்டி அம்மா ஊரான் வீட்டுப் பெண்ணிடம் போயிருக்கிறாள். போய், நெஞ்சைக் காட்டி, தூங்கி, செருப்பும் மாட்டிக்கொண்டு வருகிறாள்.

அப்போதே இறங்கிப்போய்க் கேட்டிருக்கலாம். பெரிய டாக்டரிடம் போய் என் அம்மா இதில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம், விதியும் அதுதான். அவள் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை, எப்போதும்போல முன்னும் பின்னுமாக வந்த பழைய பதிவுகளில் ஒன்றைத் திறந்ததும் அவள் கை நின்றது. இடப்பக்கம் சாய்ந்த படுக்கை. தூக்கம் பிடிக்கும் முன் வலது காலின் கோட்டில் ஒரே சீரான ஆட்டம், தறி ஓடுகிற மாதிரி. அம்மா காலாட்டாமல் தூங்கியதில்லை. ஒற்றை அறை வீட்டில் அந்த ஆட்டத்தில் பாய் அசைய அசையத்தான் கறார் வளர்ந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? பெயரை மறைத்தால் மூச்சு மறைந்துவிடுமா? எத்தனை பேர் பட்டை கட்டினாலும் இந்த மூச்சு என்னுடையது என்று அவளுக்கு ஒரு திமிர் வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

பிறகு எண்ண ஆரம்பித்தாள்.

பதினைந்தைத் தாண்டினால் அம்மா ஆறு மாதம் சக்கரையின் கையில். அவள் முகமூடி மாட்டுவாள், வாரை இறுக்குவாள், நேற்று நல்லாத் தூங்கினீங்களா அம்மா என்று கேட்பாள், மேடையில் நின்று ஒரு பஞ்சாலைத் தாயின் கதை என்று ஆரம்பிப்பாள். தாண்டாவிட்டால் அம்மா வீட்டுக்கு வருவாள். நானே வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நானே மெஷின் வாங்கிக் கொடுப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னிடமே வாதாடி, தனக்கே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

பொய்யாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அதில் இருந்த அசிங்கம். மூச்சு முழுதாக நின்ற இடங்களை எண்ணினாள். குறைந்த இடங்களில் மட்டும், மூன்று இறங்கியதா இரண்டே முக்காலா என்று சந்தேகம் வந்த ஒவ்வொன்றையும் விட்டாள். சந்தேகம் வராத இடத்தில் வரவழைத்துக்கொண்டாள். பட்டை நழுவியிருக்கலாம், பிராணவாயுவை அளக்கும் விரல் மாட்டி ஆடியிருக்கலாம், இது விழிப்பாக இருக்கலாம். கடைசியில் பதினைந்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. கறார் போட்ட எண்ணை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு இதற்கு உதவியது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு ரெடியா இரு. வேற ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்குடி?"

"உன் மூச்சுக்குத்தான். அந்த மகராணி ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாள்ல."

அம்மா மடித்த புடவையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "யாரு அனுப்புனா? அந்தப் பொண்ணு மெஷினே குடுத்துருச்சே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில், பழைய பெட்ஷீட்டுக்குப் பின்னால், பெட்டி இருந்தது. இனி மறைத்து என்ன என்று காலாலேயே வெளியே தள்ளினாள். மாடியில் இருக்கிற உங்க பொண்ணுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் எண்ணுகிறதில் சாய்ந்துவிடும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதாம். மகள் டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு, பகலில் மெஷினைப் போட்டுத்தான் தூங்கிக்கொண்டிருந்தாளாம். ராத்திரி போட்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

கறாருக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுதான் எப்போதும் முதலில் வரும். "மூச்சு வாங்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னனே. மாடிப்படி ஏறும்போது சொன்னேன். அந்த மில்லுக்குப் போகாதன்னு எத்தன வாட்டி சொன்னேன்னு நீ ஆரம்பிச்ச. போகலன்னா நீ எதுல படிச்சிருப்ப? அந்தப் பொண்ணு என்னத் திட்டல. எத்தன தலகாணி வெச்சுப் படுக்குறீங்கன்னு மட்டும் கேட்டுச்சு. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அம்மா வழக்கமாகச் சேர்ப்பாள். இன்று அதைக்கூடச் சேர்க்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பதிவு ஞாபகத்துக்கு வந்தது. மெஷின் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அம்மாவின் எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கால் யாருடையது? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எப்படித் தூங்கினாய் என்று கேட்டாள்.

"எங்க தூங்குனது? மல்லாக்கப் படுத்தே கெடந்தேன். காலாட்ட வெக்கமா இருந்துச்சுடி. அந்தப் பொண்ணு கேமரால பாத்துட்டு இருக்குமே."

மல்லாந்த படுக்கை, அசையாத கால். அப்படி ஒரு பதிவு, அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே வந்தது. மூச்சு ரொம்ப நேரம் நின்று, முங்கி எழுந்தவரைப்போல இழுத்து, மறுபடி நின்ற பதிவு. ஒழுங்காக எண்ணி, மோசம் என்று குறித்து, டீ குடிக்கப் போனாள். அவள் சதை ஒன்றும் ஆடவில்லை. பெற்ற தாயின் மூச்சை நூறு மூச்சுகளில் ஒன்றாக எண்ணிவிட்டு, முன்பின் தெரியாத எவரோ ஒருவரின் காலைப் பார்த்து அழுதிருக்கிறாள். அந்த எவரோ ஒருவரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், நின்றபடியே, விடாமல் சொல்லி முடித்தாள். அம்மாவைப் பார்த்தது, சொல்லாமல் விட்டது, குறைத்து எண்ணியது, ஏன் குறைத்தேன் என்பது. ஏன் என்பதை அவர் கேட்கவில்லை, இவளே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இனி நீ எண்ண வேண்டாம், இதுவரை எண்ணியது எல்லாவற்றையும் வேறு ஆள் மறுபடி பார்க்கட்டும் என்றார். திட்டியிருந்தால் தேவலாம். அந்தப் பதிவை அவரே முதலில் திறந்து பார்த்தார். பாதியிலேயே பதினைந்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆளைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி அவளைக் கீழே அனுப்பினார்.

சக்கரை விஷயத்தைக் கேட்டாள். முகம் ஒருமுறை சுருங்கியது, பிறகு இயல்பானது. பதிவின் எண்ணை வைத்து ஆளைத் தேடி எடுத்தாள். பார்சல் வண்டி ஓட்டுகிறவர், நுரையீரல் பாதி போனவர். போனைப் போட்டாள். "ஐயா, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். எங்க பக்கம் சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள். குரலில் அந்தப் பாகு.

எங்க பக்கம். சின்னத் தப்பு. என் தப்பைக்கூட எடுத்து நாலு பேர் தலையில் பூசி இனிப்பாக்கிவிடுவாள் என்று கறாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று ராத்திரி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தவளுக்கு இந்தப் பொறாமை மட்டும் துளி குறையவில்லை.

"குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"நான் பாத்துக்கறேனே."

"நீங்க பாத்துக்குவீங்க. அதான் குடுங்கங்கறேன்."

வாங்கிப் பேசினாள். பெரிய தப்பு, தப்பு பண்ணினது நான், உங்களுக்கு நோய் இருக்கிறது, நாளைக்கே வர வேண்டும், அதுவரை வண்டியைத் தொடாதீர்கள் என்றாள். எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்கு ஒரு குரல் இருக்கும் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

"ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டீங்க" என்றார் அந்த ஆள். "பகல்ல தூங்கி வழியறேன்னு வீட்ல என்ன சோம்பேறிங்கறாங்க. நோயில்லன்னு டாக்டரே சொல்லிட்டார்ல, அப்ப நான் சோம்பேறிதான்னு நானும் ஒத்துக்கிட்டேன். இருங்க, இத என் சம்சாரத்துகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

போன் கை மாறியது. தூக்கத்தில் மூச்சு நிற்பது என்ன, அதனால் பகலில் ஏன் தூக்கம் வருகிறது, நெஞ்சில் ஏன் அழுத்தம் ஏறுகிறது என்று கறார் முதலிலிருந்து சொன்னாள். நடுவில் அந்த அம்மாள் இரண்டு முறை திட்டினாள், இரண்டையும் வாங்கிக்கொண்டாள். சக்கரை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் உட்காரவில்லை.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்த அம்மாளின் குரல் கொஞ்சம் தணிந்தது. "நீ யாரும்மா, அன்னிக்கு அவருக்கு பட்டையெல்லாம் கட்டிவிட்ட நல்ல பொண்ணா?"

கறார் நாற்காலியைப் பார்த்தாள், அதைப் பிடித்துக்கொண்டு நின்றவளையும் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "நான் வேற ஆளு."