லிஃப்ட் மெக்கானிக் கொரிய மொழி படித்தது

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி கொரியாக்காரி. கல்யாணமான புதிதிலேயே மாமியாரோடு வாயாடி வாயாடித் தமிழைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குத்தான் அவள் மொழியில் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. ஏற்றிக்கொள்ள அவசியமும் வரவில்லை.

அவசியம் ஆஸ்பத்திரியில் வந்தது. அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து, மயக்கம் பாதிதான் தெளிந்திருந்தது. அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு "காஜிமா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நர்ஸ் மருந்துச் சீட்டை நீட்டவும், அவன் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு போனான். வந்து பார்த்தபோது தூங்கிவிட்டிருந்தாள்.

பிறகு கேட்கக் கூச்சமாக இருந்தது. பெண்டாட்டி சொன்னதற்கு அவளிடமே போய் அர்த்தம் கேட்பதா?

அவள் உடம்பு தேறியதும் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். கூடப் படித்ததெல்லாம் கல்லூரிப் பெண்கள். சீரியல் பார்த்தே பாதி மொழி கற்றவர்கள். இவனை அங்கிள் என்றார்கள். எழுத்துகளை அவன் தன் தொழில் சாமான்களாக நினைத்து மனப்பாடம் செய்தான்: இது கொக்கி, இது சக்கரம், இது கதவு. அப்பாவுக்கு அங்கேயும் அப்பாதான் என்று தெரிந்த அன்று பரீட்சையில் பாஸான தெம்பு வந்தது.

காய்கறிப் பாடத்தில் 'காஜி' வந்தது. கத்தரிக்காய். அவனுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், மயக்கத்தில் கத்தரிக்காய்க்கு ஏங்கியிருக்கிறாள்! பை நிறைய வாங்கி வந்தான். தீர்ந்ததும் மறுபடி வாங்கினான். அவள் ஒன்றும் கேட்காமல் சமைத்துப் போட்டாள். உங்கள் மகனுக்குக் கத்தரிக்காய்ப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று மாமியாரிடம் மட்டும் போனில் சொன்னாளாம்.

அடிப்படைத் தேர்வில் ஒரு தடவை ஃபெயிலாகி, ஒருவழியாக இடைநிலைக்கு வந்து சேர்ந்தான். ஒரு மதியம் மோட்டார் அறையில் சாப்பிட உட்கார்ந்தவன், போனில் அன்றைய பாடத்தைத் திறந்தான். வினைச்சொல்லோடு 'ஜி மா' சேர்த்தால் செய்யாதே என்று பொருளாம். முதல் உதாரணமே அதுதான். காஜி மா. போகாதே.

சாப்பாட்டு டப்பாவை மூடினான். சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்தான். யாருடைய ஃப்ரேமையோ நிமிர்த்திக்கொண்டிருந்தவள் தலைதூக்கிப் பார்த்தாள்.

"அன் காயோ," என்றான். நான் போகமாட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. தமிழில் எல்லாவற்றையும் சொன்னான், கத்தரிக்காய் உட்பட. அவள் முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாடி துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'யோ' மரியாதைக்குச் சேர்ப்பது, புருஷன் பெண்டாட்டிக்குள் அது வேண்டாம், 'அன் கா' போதும் என்று திருத்தினாள்.

"அப்போ அன்னிக்கு 'யோ' இல்லாம, நீ என்னை நீன்னுதான் சொல்லியிருக்க."

"மயக்கத்துல சொன்னதுங்க."

"தமிழ்லயும் அப்படியே சொல்லேன். எனக்குப் பிடிச்சிருக்கு."

மாமியார் கற்றுக்கொடுத்த 'நீங்க'வை அவள் ஒருநாளும் விட்டதில்லை. உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரி. நீ... சாப்ட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தான். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள்.