விழுங்காத மாத்திரை

சிறைக்குள் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் சங்கு ஊதிவிடுவார்கள். நர்ஸம்மாவுக்கோ அன்று காலை ஓடியே ஆக வேண்டியிருந்தது. பதினைந்தாம் அறைக்காரரின் பல்வலிக்கு எழுதிய பென்சிலின் மாத்திரையைப் பக்கத்து அறைக் கைதி பிஸ்கட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கவர் மாறிப்போனது, மருந்து வண்டியைத் துடைக்கும்போதுதான் தெரிந்தது. பிஸ்கட்டின் மருத்துவ அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பென்சிலின் கூடவே கூடாது, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும்.

பிஸ்கட் என்பது மற்றக் கைதிகள் வைத்த பெயர். கொடுக்கிற மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து, பிறகு யாரிடமாவது பிஸ்கட் வாங்கிக்கொண்டு தள்ளிவிடும் மனுஷர். ஐம்பது வயதில் இந்தத் திருட்டுப்புத்தி! மூன்று தடவை கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். இன்றைக்குக் கூட்டம் நெரித்ததில் அவர் வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

அவசர ஊசியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மூன்று கதவுகள். ஒன்றைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். கூட வந்த வார்டர் சாவியைத் தேடிய நிதானத்துக்கு அவரை என்ன செய்தாலும் தகும்.

பிஸ்கட் கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"காலைல குடுத்த மாத்திரைய முழுங்கினீங்களா?"

ஏதோ பொறி வைக்கிறாள் என்று நினைத்தார். பின்னால் வார்டர் வேறு. ஒளித்தேன் என்றால் சமையல்கட்டு வேலை போய்விடும், ஒரு மாதம் அறையை விட்டுத் தலைகாட்ட முடியாது.

"சத்தியமா முழுங்கிட்டேன் சிஸ்டர்."

நர்ஸம்மா அவர் நாடியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அது உங்க மாத்திரை இல்ல. தப்பாக் குடுத்துட்டேன். மூச்சு முட்டுதா, சொல்லுங்க."

பிஸ்கட் அவளைப் பார்த்தார், வார்டரைப் பார்த்தார். பிறகு சட்டை மடிப்பைப் பிரித்து, முழு மாத்திரையையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் திருட்டுப்புத்திக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது. அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இத எழுதியாகணும் சிஸ்டர்," என்றார் வார்டர்.

"முதல்ல என் தப்ப எழுதுங்க. அதுக்குக் கீழ, இவரே எடுத்துக் குடுத்தார்னு எழுதுங்க."

வார்டர் நோட்டை விரித்தார். அவள் பிஸ்கட்டிடம் திரும்பினாள்.

"பேசாம இருந்திருக்கலாமே, ஏன் குடுத்தீங்க?"

"இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. எனக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்ல."

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "பாதி என் வேலைக்காகவும்தான் அழுதேன்."

"மீதிப் பாதி போதும் சிஸ்டர்," என்றார் அவர்.