பத்துக்குப் பூஜ்யம்

செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரன். துபாய் சத்வாவில் ஒரு வீடியோ கடையில் வேலை. மகள் பிறந்த செய்தியையே போனில்தான் கேட்டவன்.

அமெரிக்காவில் பதிவான கேசட் இங்குள்ள டிவியில் சரியாக ஓடாது. அதை மாற்றிப் பதியும் மெஷின் அந்தக் கடையில் இருந்ததால்தான் கெல்லர் அங்கே வர ஆரம்பித்தார். எண்ணெய்க் கம்பெனியில் வேலைபார்த்த அமெரிக்க இன்ஜினியர். மனைவி இறந்தபின் ஜுமைராவில் தனியாக இருந்தார். ஜனவரியில் அவர் நாட்டுக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடக்கும். லீவு முடிந்து திரும்பும் யாராவது அதன் கேசட்டைக் கொண்டுவருவார்கள். அது கைக்கு வரும்வரை அவர் பேப்பரைத் தொடமாட்டார். யார் ஜெயித்தது என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே என்று அலாவுதீனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எண்பத்தெட்டில் அவருடைய சொந்த ஊர் டென்வர் இறுதிக்கு வந்திருந்தது. முந்தின வருஷமும் வந்து தோற்ற அணி அது. கேசட் மாறிக்கொண்டிருந்தபோது அலாவுதீன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். கெல்லர் சொல்லிக்கொடுத்ததில் ஆட்டம் பாதிக்குமேல் பிடிபட்டிருந்தது. முதல் கால்பகுதியில் டென்வர் பத்துப் புள்ளி. எதிரணி வாஷிங்டன் பூஜ்யம். இரண்டாவது கால்பகுதியில் வாஷிங்டன் முப்பத்தைந்து அடித்தது. ஒரே கால்பகுதியில் அத்தனை புள்ளி அதுவரை எந்த இறுதி ஆட்டத்திலும் யாரும் எடுத்ததில்லை. புதுப்பையன் ஒருவன் பந்தோடு இருநூற்று நான்கு கெஜம் ஓடினான், அதுவும் சாதனை. கடைசியில் நாற்பத்திரண்டுக்குப் பத்து. சாவுச் செய்தியைக் கையில் வைத்திருப்பவன் மாதிரி அவன் கேசட்டை உறையில் போட்டான்.

வாங்க வந்த கெல்லர், அவன் முகத்தைப் பார்க்காமல், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டார். அப்படி அவர் கேட்டதே இல்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து அலாவுதீன் போனான். பெரிய வீட்டில் ஒரு சோபா. முன்னால் இரண்டு தட்டில் பிஸ்கட். டென்வர் எடுத்த எடுப்பில் ஒரு நீள எறி எறிந்து, கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்ததும் கெல்லர் துள்ளி எழுந்து அவன் தோளில் தட்டினார். பத்துக்குப் பூஜ்யம் ஆனபோது அவன் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். கால்பகுதி முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், மிச்சத்தை அடுத்த வாரம் பார்ப்போமா?"

கெல்லர் டிவியை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த மறுநாளே என் மகள் போனில் சொல்லிவிட்டாள்."

"பிறகு ஏன் சார்?"

"போன வருஷம் தனியாகப் பார்த்தேன்."

அவரே மறுபடி ஓடவிட்டார். அந்தக் கால்பகுதியில் வாஷிங்டன் எடுத்த ஐந்து டச்டவுனையும் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். நாலாவதில் கெல்லருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் அவனுடைய மகளைப் பற்றி விசாரித்தார். பள்ளிக்கூடம் போகிறாள், குரல்தான் தெரியும் என்றான் அவன்.

கராமாவில் தங்கியிருந்த ரூமுக்குத் திரும்பியதும், சோறு வடித்துக்கொண்டிருந்த ரூம்காரர், அவன் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சதக்கத்துல்லா, எங்கே போனாய் என்று கேட்டார்.

"மேட்ச் பாத்தேன் காக்கா. நம்மாளுவ தோத்துட்டாங்க."

"பாகிஸ்தான்கிட்டயா?"

அலாவுதீன் விளக்க ஆரம்பித்தான். கெஜம், கோடு, முட்டை மாதிரிப் பந்து. சதக்கத்துல்லா கஞ்சியை வடித்து முடித்து, தட்டு எடுத்துட்டு வா என்றார்.

மே மாசம் கம்பெனி கெல்லரை ஊருக்கு அனுப்பிவிட்டது. கடைக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஜனவரியில் கேசட் எதுவும் வரவில்லை. இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் அலாவுதீன் சூப்பர் பவுல் முடிவைத் தேடிக் கண்டுபிடித்தான். வேறு இரண்டு ஊர்க்காரர்கள் ஆடியிருந்தார்கள். ஒருவன் பந்து பிடிப்பதில் புதிய சாதனை படைத்திருந்தான். அலாவுதீன் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான். கவுண்டரில் ஒருவர் புதுப்படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தான்.