மேசை உள்ள குடும்பம்

குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன உறவென்று கண்டுபிடித்தே தீருவதாகத் தலைமையாசிரியர் கங்கணம் கட்டிக்கொண்டார். பத்தாம் வகுப்புக்கு ஒரு படிவம் வந்தது. வசதி ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. பதினைந்து புள்ளிக்குக் கீழே வாங்குபவர்கள் ஏழைகள். அவர்களுக்கு மாலையில் நூலக அறையில் இடம், கணக்குச் சொல்லித்தர ஆள். மற்றவர்கள் வசதி படைத்தவர்கள், வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

இஸ்திரிக்காரர் மகள் கணக்கில் இரண்டு தேர்வாகக் கோட்டை விட்டவள். அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை. ஆனாலும் உள்ளதைத்தான் எழுதித் தொலைத்தாள். வீட்டில் மேசை உண்டா? உண்டு, ஐந்து புள்ளி. தந்தைக்குச் சொந்தத் தொழிலா? ஆமாம், ஐந்து. மாலையில் பெற்றோர் வீட்டில் இருப்பார்களா? இருக்கிற ஒற்றை அறையில்தான் தொழிலே; அப்பா எங்கே போவார்? அதற்கும் ஐந்து. அப்பா படித்தவரா? ஐந்தாவது வரை; அதற்குப் புள்ளி இல்லை. ஆக, அவள் பணக்காரி. மெத்தையில் புரண்டு படிக்கும் கான்ட்ராக்டர் மகனோ மேசை இல்லாத ஏழையாகி இடம் பிடித்துவிட்டான்.

அவள் தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றாள்.

"மேசை இருக்கா, இல்லையாம்மா?"

"இருக்கு சார். சாயங்காலம் ஆனா அது மேல சட்டையா குவிஞ்சிருக்கும்."

"எடுத்து ஓரமா வெச்சுட்டுப் படிக்கறதுதானே?"

"உங்க சட்டையும் இருக்கும் சார்."

அவர் தம் கைமடிப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பெரிய மனது பண்ணி வேறு படிவம் கொடுத்தார். மேசை இல்லையென்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும்.

அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் முகம் கடுத்தது. "மேசை இல்லாம இருபது வருஷமா அந்தரத்துலயா தேய்க்கறேன்? போட மாட்டேன், போ."

கெஞ்சியும் அவர் மசியவில்லை. மறுநாள் பள்ளி மாடிப்படியில் உட்கார்ந்து, அப்பா பெயரை அவளே முத்துமுத்தாக எழுதினாள். மரியாதைக்குக் கீழே ஒரு சுழியும் போட்டாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தச் சுழியையே பார்த்தார்.

"அப்பா ஐந்தாவதுன்னு எழுதியிருக்கே. இது ஐந்தாவது படிச்சவர் கையெழுத்தாம்மா? நல்லாப் படிச்ச மனுஷன், தன்னடக்கம் போல."

ஐந்தாம் வகுப்பை அடித்துவிட்டுப் படித்தவர் என்று எழுதி, தம் கையாலேயே ஐந்து புள்ளி போட்டார். கூட்டினார். பதினைந்து.

அப்பா ஐந்தாவதுதான் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், அப்படியானால் இது யார் கையெழுத்து என்று கேட்பார்.

"வீட்டுலயே இப்படி ஒருத்தர் இருக்கறப்ப உனக்கு எதுக்கும்மா இடம்?" என்றார் அவர், படிவத்தைக் கட்டுக்குள் செருகியபடி. "கணக்கை அப்பாகிட்டயே கேட்டுக்க."